வலி எழுதும் கணக்கு தப்பு!

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் நின்று பாருங்கள். சிப்காட் கம்பெனி பஸ்ஸுக்காக யூனிஃபார்மில் காத்திருக்கும் கூட்டத்தில், ஒருத்தராவது ஒரு காலைத் தரையில் வைத்தும் வைக்காமலும் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருப்பார். இன்னொருத்தர் முட்டியைச் சுற்றி க்ரேப் பேண்டேஜ் கட்டியிருப்பார். பக்கத்தில் போனால் ஆயின்மென்ட் வாசனை ஆளைத் தூக்கும். ராத்திரி ஷிஃப்ட்டில் மிஷின் அடித்துவிட்டதோ என்று பதற வேண்டாம். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்திகிரியிலோ பாகலூர் ரோட்டிலோ டென்னிஸ் பால் கிரிக்கெட் மேட்ச். கிருஷ்ணகிரி பக்கத்து ஆள் என்றால் கபடி!

"என்ன பாஸ் ஆச்சு?"

"லேசா பிசகிடுச்சு. நேத்து ராத்திரியே எண்ணெய் போட்டு உருவி விட்டாச்சு. வலி போனதும் ஆடிடலாம். அடுத்த வாரம் செமி ஃபைனல் ஆச்சே!"

இந்தப் பதிலில் ஒரு இடத்தில்தான் வில்லங்கம். 'வலி போனதும்.'

நாம் எல்லோருமே வலியை உடம்பின் கணக்குப்பிள்ளை என்று நம்புகிறோம். எவ்வளவு வலியோ அவ்வளவு சேதம். வலி நின்றதா, கடன் தீர்ந்தது, நோட்டை மூடலாம். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்... இந்த லட்சணத்தில் லெட்ஜர் எழுதும் ஆளை எந்தக் கம்பெனியும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. பெரிய நஷ்டம் வந்த அன்றைக்குக் குறைத்து எழுதுவார். பாதிக் கடன் நிலுவையில் இருக்கும்போதே 'கணக்கு முடிந்தது' என்பார். எல்லாம் அடைத்த பிறகு, 'இன்னும் பாக்கி இருக்கு' என்று நோட்டீஸ் அனுப்புவார்!

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாடை உடைந்த நாள்

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கர்நாடகா. டிராஃபிக் இல்லையென்றால் (இந்த 'என்றால்' ரொம்பப் பெரிய 'என்றால்') ஒரு மணி நேரத்தில் பெங்களூர். அந்த ஊர்க்காரர் அனில் கும்ப்ளே.

2002 மே மாதம். ஆன்டிகுவாவில் வெஸ்ட் இண்டீஸோடு நாலாவது டெஸ்ட். கும்ப்ளே பேட்டிங் செய்தபோது மெர்வின் தில்லனின் பவுன்ஸர் தாடையில் இடித்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தொடர்ந்து ஆடினார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தாடை எலும்பு முறிந்திருந்தது. ஊருக்குத் திரும்பி ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியதுதான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் மனுஷன், தலையையும் தாடையையும் சேர்த்து ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு, பல் வலிக்காரர் மாதிரி மைதானத்துக்குள் நடந்து வந்தார். தொடர்ச்சியாக 14 ஓவர் வீசினார். பிரையன் லாராவை எல்.பி.டபிள்யூ. செய்தார்!

உடைந்த எலும்போடு எப்படி ஒருத்தரால் ஓடி வந்து பந்து போட முடிகிறது? தைரியம், சரி. தேசபக்தி, சரி. இதற்கு நடுவில் உடம்புக்குள் என்ன நடந்திருக்கும்?

இதற்கான ஒரு துப்பு இரண்டாம் உலகப் போரில் கிடைத்தது. 1944-ல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க டாக்டர் வேலை பார்த்தார். குண்டடி பட்டு வந்த சிப்பாய்களிடம் 'வலி மருந்து வேணுமா?' என்று கேட்டுப் பார்த்தவருக்கு ஆச்சரியம். ஏறக்குறைய நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஊருக்குத் திரும்பியபின், ஆபரேஷன் செய்துகொண்ட சாதாரண ஜனங்களைப் பார்த்தார். அவர்களுக்கு அதைவிடச் சின்னக் காயம்தான். ஆனால் மருந்து கேட்டவர்கள் அதிகம். காரணம் என்ன? சிப்பாய்க்குக் காயம் என்றால் போர்முனையிலிருந்து விடுதலை, உயிரோடு வீட்டுக்குப் போகலாம். சாதாரண ஆளுக்குக் காயம் என்றால் வேலை போச்சு, கடன் ஆச்சு. காயத்துக்கு மனசு என்ன அர்த்தம் கொடுக்கிறதோ, அதற்கேற்ப வலி கூடுகிறது, குறைகிறது என்றார் பீச்சர்.

1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஒரு கேட் மாதிரியான ஏற்பாடு இருக்கிறது. அடிபட்ட இடத்திலிருந்து வரும் செய்திகளில் எவ்வளவு உள்ளே போகலாம் என்று அந்த கேட்டை மூளை திறக்கும், மூடும். கட்டிலில் முட்டி இடித்துக்கொண்டால் உடனே தேய்த்து விடுகிறோமே, அதில் கொஞ்சம் சுகம் கிடைப்பதும் இந்த கேட் உபயத்தில்தான். அவசர நேரத்தில் உடம்பே மார்ஃபின் ஜாதியைச் சேர்ந்த எண்டார்ஃபின் என்ற சரக்கையும் தயாரித்துக்கொள்கிறது.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கிறது. 2021 ஜனவரி 11, சிட்னி டெஸ்ட்டின் கடைசி நாள். அஸ்வினுக்கு முதுகு பிடித்துக்கொண்டு, காலையில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை என்று அவர் மனைவியே ட்விட்டரில் எழுதினார். எதிர்முனையில் ஹனுமா விஹாரிக்குத் தொடையின் பின்தசை கிழிந்திருந்தது. ஓட முடியாத ஒருத்தரும் குனிய முடியாத ஒருத்தரும் சேர்ந்து நாற்பது ஓவருக்கு மேல் நின்று மேட்சை டிரா செய்தார்கள்!

ஆக, கணக்குப்பிள்ளையின் முதல் தில்லுமுல்லு இது. மேட்ச் மும்முரத்தில் வலியைக் குறைத்து எழுதுவார். 'ஆடும்போது ஒண்ணும் தெரியல சார், வீட்டுக்கு வந்து பைக்க ஸ்டாண்ட் போடறப்பதான் உயிர் போச்சு' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆணி போன வழி

நேர் எதிரான கூத்தும் உண்டு. 1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சம்பவம். 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர், மேலிருந்து குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி மேல் விழுந்தார். பூட்ஸின் அடிப்பாகத்தில் நுழைந்து மேலே எட்டிப் பார்க்கிறது ஆணி. ஆள் துடிக்கிறார். ஆணியை லேசாக அசைத்தால்கூட அலறல். பலமான மயக்க மருந்து கொடுத்து, ஆணியை உருவி, பூட்ஸைக் கழற்றினார்கள். பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு விரல்களுக்கு நடுவில் ஆணி மரியாதையாகப் போய் வந்திருந்தது!

அவர் நடிக்கவில்லை. வலி நிஜம். 'பெரிய ஆபத்து' என்று மூளை முடிவு கட்டிவிட்டால், காயமே இல்லாத காலிலும் வலிக்கும். இந்தச் சமாசாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மூணு ஷிஃப்ட் வேலை

சரி, வலி இப்படி இஷ்டத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்க, காயம்பட்ட இடத்தில் நிஜமாகவே நடப்பது என்ன? ஓசூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அங்கேயும் மூணு ஷிஃப்ட்தான்.

கணுக்கால் பிசகுவது என்றால், எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் லிகமென்ட் என்ற நார் கொஞ்சமோ நிறையவோ கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் ஷிஃப்ட், துப்புரவு. முதல் சில நாட்கள். ரத்தம் பெருகி ஓடி வரும், வெள்ளை அணுக்கள் வந்து சிதைந்ததை அள்ளிப் போடும். சிவப்பது, சூடாவது, வீங்குவது, வலிப்பது நாலும் இந்த ஷிஃப்ட்டின் சத்தம். வீக்கத்தை வில்லன் என்று நினைத்து, அந்த நேரத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது எல்லாம், துப்புரவு செய்கிறவர் மேல் இன்னொரு வண்டிக் குப்பையைக் கொட்டுவது மாதிரி. உள்ளே ரத்தக் கசிவு அதிகமாகும்.

இரண்டாவது ஷிஃப்ட், அவசர ஒட்டு வேலை. அடுத்த சில வாரங்கள். கொலாஜன் என்ற புரத நூலை உடம்பு அவசர அவசரமாக நூற்று, கிழிந்த இடத்தில் தாறுமாறாக அப்பும். அடைப்பு விழுந்துவிடும். உறுதி இருக்காது.

மூன்றாவது ஷிஃப்ட், ஃபினிஷிங். தாறுமாறாகக் கிடக்கும் நூல்களை, இழுவிசை வரும் திசைக்கு ஏற்ப நேராக்கி, மட்டமான நூலை எடுத்துவிட்டு உறுதியான நூலைப் போடும். இது மாதக்கணக்கில் நடக்கும். ஒரு வருஷம்கூட ஆகலாம்.

இப்போது விஷயத்துக்கு வாருங்கள். வலி எப்போது போகிறது? சாதாரணப் பிசகு என்றால் பெரும்பாலும் இரண்டாவது ஷிஃப்ட்டிலேயே போய்விடுகிறது! பெயின்ட் காயாத வண்டியை டெலிவரி கொடுக்கிற மாதிரி நாம் காலைக் கிரவுண்டுக்கு எடுத்துப் போகிறோம். ஒருமுறை பிசகிய கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகுவது ராசி பலன் அல்ல, இதுதான் காரணம்.

கூட இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாருக்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே மூளைக்குச் சொல்லும் சென்ஸர்கள். நார் கிழியும்போது அவையும் கெடுகின்றன. நம்பிக்கை இல்லாவிட்டால், பிசகிய காலில் மட்டும் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். (பக்கத்தில் சுவர் இருக்கட்டும்!)

முட்டியில் அடிபட்டால் இன்னொரு வேடிக்கை. முட்டிக்குள் நீர் கோத்துக்கொண்டால், தொடையின் முன்தசைக்குப் போகும் கரண்ட்டை உடம்பே கட் பண்ணிவிடும். ஆரோக்கியமான முட்டிக்குள் 20, 30 மில்லி உப்புநீரை ஊசியில் ஏற்றியே இதைச் சோதித்திருக்கிறார்கள். வலிகூட அவசியமில்லை, வீக்கம் இருந்தாலே போதும், தசையின் ஒரு பகுதி 'பந்த்' அறிவித்துவிடும். 'நல்லாத்தான் நடக்கறேன், ஆனா படியில இறங்கறப்ப முட்டி டபக்குனு மடங்குது' என்கிறவர்கள் டாக்டரைப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

ஷாஃப்ட் ஏன் உடைகிறது?

ஒரே நாளில் விழும் அடி ஒரு ரகம். சிறுகச் சிறுகச் சேருவது இன்னொரு ரகம். மிஷின் ஷாஃப்ட் ஒருநாள் திடீரென்று உடையும். அன்றைக்கு ஒன்றும் அதிக லோடு இருந்திருக்காது. கண்ணுக்குத் தெரியாத கீறல் மாசக்கணக்கில் வளர்ந்திருக்கும். மெட்டல் ஃபட்டீக் என்பார்கள். எலும்புக்கும் அதே கதை, பெயர் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்.

2004 பாகிஸ்தான் டூரை மறக்க முடியுமா? லாகூர், கராச்சி என்று போன இடமெல்லாம் நம்ம சென்னைப் பையன் லட்சுமிபதி பாலாஜியின் சிரிப்புக்கு விசில். 2005-ல் மொஹாலி டெஸ்ட்டில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக 9 விக்கெட். அப்புறம்? முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். வேகப்பந்து வீசுபவர்களின் பரம்பரை வியாதி. இந்திய டீமில் ஆள் காணாமல் போனார். பந்து வீசும் முறையையே மாற்றிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். 2008 மே 10-ம் தேதி சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணிக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். ஐ.பி.எல். சரித்திரத்தில் முதல் ஹாட்ரிக் அதுதான். 2009-ல் மறுபடி இந்தியாவுக்காக ஒருநாள் மேட்ச். மொஹாலிக்கும் அந்த ஹாட்ரிக்குக்கும் நடுவில் மூன்று வருஷம்!

ஷாஃப்ட்டுக்கும் எலும்புக்கும் ஒரே வித்தியாசம், எலும்பு தன்னைத் தானே சரி செய்துகொள்ளும், அவகாசம் கொடுத்தால். நைட் ஷிஃப்ட் முடித்து, டீ குடித்துவிட்டு, தூங்காமல் நேரே கிரவுண்டுக்குப் போகிற நாம் கொடுக்காதது அதைத்தான். 2014-ல் அமெரிக்காவில் பள்ளி விளையாட்டு வீரர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 1.7 மடங்கு இருந்தது.

டீமில் பேர் இல்லாதவன்

இனிமேல்தான் முக்கியமான கட்டம். உடம்பு ஆறிவிட்டது. ஸ்கேன் சரி. டாக்டர் 'ஆடலாம்' என்றுவிட்டார். ஆனால் கால் முன்னே போக மறுக்கிறது. கபடியில் ரெய்டு போனால் கோட்டைத் தாண்டியதும் அந்தப் பழைய சத்தம் 'படக்' என்று காதில் கேட்கிறது. கணக்குப்பிள்ளை பழைய பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அந்த ஆணி போன பூட்ஸை இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

முட்டியில் ஏ.சி.எல். என்ற லிகமென்ட் அறுந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பற்றி, கிளேர் ஆர்டர்ன் என்ற ஆராய்ச்சியாளர் குழு பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டது. ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தான். உடம்பு ஒத்துழைத்தும் திரும்பாதவர்களிடம் விசாரித்தால், அடிக்கடி வரும் பதில் ஒன்றுதான்... மறுபடி அடிபட்டுவிடுமோ என்ற பயம்.

பயம் கோழைத்தனம் இல்லை. மூளை தன் வேலையைக் கொஞ்சம் அதிகப்படியாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேலைக்கு வந்து, நாலு பேர் சேர்ந்து ஒரு ரூமில் இருக்கும் பையனுக்கு, ஆறு நாள் அவன் வெறும் டோக்கன் நம்பர். ஏழாவது நாள்தான் அவன் 'ஓப்பனிங் பவுலர்'. அந்த ஒரு நாளில்தான் பத்துப் பேர் அவன் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள். காயம் பிடுங்கிக்கொள்வது அந்தப் பேரைத்தான். வாட்ஸ்அப் குரூப்பில் அவன் பேர் இல்லாமல் பதினோரு பேர் லிஸ்ட் வருகிறது. எல்லோரும் கிரவுண்டுக்குப் போன பிறகு ரூமில் தனியாக, ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். கான்ட்ராக்ட் வேலை என்றால், நிற்க முடியாத நாளுக்குச் சம்பளம் வருமா என்ற கவலை வேறு. எரிச்சல், தூக்கமின்மை, யாரோடும் பேசப் பிடிக்காமல் போவது... அடிபட்ட விளையாட்டு வீரர்களுக்கு இதெல்லாம் சகஜம் என்கிறார்கள் விளையாட்டு மனநல நிபுணர்கள். ஒரு மாசத்துக்கு மேல் நீடித்தால் அதற்கும் டாக்டர் உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏனென்றால் இது மனசோடு நிற்பதில்லை. 1998-ல் அமெரிக்காவில் 11 பல் மருத்துவ மாணவர்களின் மேல் அண்ணத்தில் 3.5 மில்லிமீட்டருக்கு ஒரு சின்னக் காயம் செய்தார்கள். ஒரு முறை கோடை லீவில், இன்னொரு முறை பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு. அதே ஆள், அதே வாய், அதே அளவு காயம். பரீட்சை சமயத்துக் காயம் ஆற 40 சதவீதம் அதிக நாள் பிடித்தது. ஒருத்தருக்குக்கூட விதிவிலக்கு இல்லை! கவலை காயத்தைக் காயவிடாது என்று பாட்டி சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

அப்போ என்னதான் செய்யறது?

பெங்களூரில் 2000-ல் தேசிய கிரிக்கெட் அகாடமி என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு இருக்கிறது. அடிபட்ட இந்திய வீரர்களைத் தேற்றி அனுப்ப அங்கே பிசியோ, டிரெய்னர் என்று ஒரு படையே உண்டு. அது அவர்களுக்கு. நமக்குக் கட்டுப்படியாகிற சில விஷயங்கள் இதோ:

*எக்ஸ்ரே எடுப்பதா வேண்டாமா?* கனடாவின் ஒட்டாவா டாக்டர்கள் 1992-ல் வகுத்த எளிய விதி உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின் ஓரத்தையோ, நடுப்பாதத்து எலும்பையோ அழுத்தினால் வலிக்கிறதா? ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே. ஊருக்கு ஊர் போர்டு தொங்கும் 'புத்தூர் கட்டு'க்கு ஓடுவதாக இருந்தாலும், அதற்கு முன்னால் எக்ஸ்ரே!

*ஐஸ் வைக்கலாமா?* ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்துவது என்ற நாலு கட்டளையை 1978-ல் எழுதியவர் கேப் மிர்கின் என்ற டாக்டர். அவரே 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைக்கலாம். ஆனால் எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்தபின், வாரக்கணக்கில் கட்டிலிலேயே கிடக்க வேண்டாம். தாங்கும் அளவுக்கு மெல்ல அசைப்பதுதான் மூன்றாவது ஷிஃப்ட்டுக்கு வேலை கொடுக்கும்.

*சென்ஸர் ரிப்பேர்.* 2009-ல் நெதர்லாந்தில் 522 வீரர்களிடம் சோதித்தார்கள். கணுக்கால் பிசகி ஆறியவர்களில் ஒரு பாதிப் பேர் எட்டு வாரம் வீட்டிலேயே பேலன்ஸ் பயிற்சி செய்தார்கள். மறுபடி பிசகும் அபாயம் அவர்களுக்கு 35 சதவீதம் குறைந்தது. செலவு? காலையில் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதில் ஆரம்பிக்கலாம். ரூம் மேட் சிரிப்பார். சிரிக்கட்டும்.

*படுத்துக்கொண்டே எக்ஸர்சைஸ்.* இது சோம்பேறிகளுக்கு இனிப்பான செய்தி. 2014-ல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் சிலருடைய மணிக்கட்டுக்கு நாலு வாரம் கட்டுப் போட்டு வைத்தார்கள். சும்மா இருந்தவர்கள் 45 சதவீத பலத்தை இழந்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், தசையை இறுக்குவதாக மனசுக்குள் கற்பனை மட்டும் செய்தவர்கள் இழந்தது 24 சதவீதம். ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் நேரத்தில் ஒரு ஓவரை மனசுக்குள் முழுசாக வீசிப் பாருங்கள். காசா, பணமா?

*கடைசியாக, கேப்டன்களுக்கு.* அடிபட்டவனை லிஸ்ட்டிலிருந்து எடுங்கள், குரூப்பிலிருந்து எடுக்காதீர்கள். ஸ்கோர் எழுதச் சொல்லுங்கள், அம்பயராக நிறுத்துங்கள். திரும்பி வரும்போது 'வலி இருக்கா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அடிபட்ட காலில் மட்டும் குதிக்கச் சொல்லுங்கள், ஓடி சடாரென்று திரும்பச் சொல்லுங்கள். நல்ல கால் செய்வதை அடிபட்ட காலும் செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம் 'பயமா இருக்காடா?' என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை நம்ம ஆட்கள் யாரும் யாரிடமும் கேட்பதே இல்லை.

'கும்ப்ளே உடைஞ்ச தாடையோட ஆடலையா?' என்று மார் தட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 14 ஓவரை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷம், 2001-ல், ஆஸ்திரேலியாவோடு நடந்த அந்தப் பிரமாதமான தொடரில் அவர் ஆடவே இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. தோள்பட்டை ஆபரேஷன். ஹர்பஜன் 32 விக்கெட் எடுத்துக்கொண்டிருந்தபோது, நம்பர் ஒன் ஸ்பின்னராக இருந்தவர் வெளியே உட்கார்ந்திருந்தார். தாடை உடைந்தபோதும், லாராவை அவுட்டாக்கிய கையோடு பெங்களூருக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டார். அதே ஆகஸ்டில் லீட்ஸ் டெஸ்ட்டில் ஏழு விக்கெட். 2008-ல் ஓய்வு பெற்றபோது டெஸ்ட்டில் மொத்தம் 619.

செமி ஃபைனலுக்குப் போகும் முன், அந்தப் பெங்களூர் ஃப்ளைட்டையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.